அடிநூல் இல்லாத மெஷின்

ஊசி மறுபடியும் ஒடிந்தது. ஒடிந்த முனை தனராஜ் வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியில் 'டிக்' என்று பட்டுத் தெறித்து, அடுப்படிப் பக்கம் போய் விழுந்தது.

"அண்ணே, குழம்புச் சட்டி தொறந்து கெடக்கு. அதுக்குள்ள விழுந்திருக்குமோ?" என்றாள் அவருடைய தங்கை ஞானதீபம்.

"விழுந்தா நல்லதுதான். இரும்புச் சத்து."

சொன்னவரும் சிரிக்கவில்லை, கேட்டவளும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் சிரிப்பு நின்று மாதக்கணக்கில் ஆகிவிட்டது. ஞானதீபம் அகப்பையை எடுத்துக் குழம்பைத் துழாவத் தொடங்கினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் அற்புதமணி தன் இடது காலைக் குனிந்து பார்த்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குத்தான் பார்க்க ஏதாவது இருந்தது.

அற்புதமணி தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன். கப்பலின் அடித்தட்டில் நின்றுகொண்டு, மேலேயிருந்து வின்ச் இறக்கும் கொக்கியில் மூட்டைக் கட்டுகளை மாட்டிவிடுகிற வேலை. புது ஹார்பர் திறந்த மறு வருஷம், ஒரு நாள், மேலே போக வேண்டிய கட்டு கீழே வந்தது. வின்ச் ஓட்டியவன் செந்தூர்பாண்டி. கம்பி வடம் நைந்து போயிருந்தது என்று சிலர் சொன்னார்கள். செந்தூர்பாண்டிதான் கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று கம்பெனி சொன்னது. இந்த வீட்டிலும் கம்பெனி சொன்னதையே நம்பினார்கள். வடத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது? மனிதனைத் திட்டினால்தான் கொஞ்சமாவது ஆறும்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை உடல் தகுதிப் பரிசோதனை, நேரில் வரவும் என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தனராஜுக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

"பரிசோதனைன்னா டெஸ்டு. டெஸ்டுன்னா பரிட்சை. பரிட்சைன்னா பாஸாவணும்" என்று விளக்கினார்.

அவர் நாசரேத்துக்காரர். தூத்துக்குடி மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அப்பா வாத்தியார், தாத்தா வாத்தியார், பெரியம்மாக்கள் எல்லோரும் டீச்சர். பரிட்சை என்று காதில் விழுந்தால் எதற்கு, ஏன் என்று கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பாஸாக வேண்டும், அவ்வளவுதான். பெயிலான ஒரே ஒரு சித்தப்பா மலேயாவுக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை.

"நடந்து காட்டணும்னு அதுல போட்டிருக்கா மச்சான்?" என்று அற்புதமணி கேட்டான்.

"பின்னே, பாட்டுப் பாடியா காட்டச் சொல்லுவாங்க? மாப்பிள, நீங்க பேசாம இருங்க. வேலை திரும்பக் கிடைக்கணும்னா ரெண்டு கால்ல நடந்து போயி நிக்கணும். நான் பாத்துக்கிடுதேன்."

'நான் பாத்துக்கிடுதேன்' என்று தனராஜ் சொன்னால் தெரிந்தவர்கள் பயப்படுவார்கள். பக்கத்து வீட்டு ஜெயபாயின் ரேடியோவை ஒரு முறை அவர் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது சுவிட்சை அணைத்தாலும் சிலோன் பாடுகிறது.

மரக்கால் வரைக்கும் பிரச்சினை இல்லாமல் நடந்தது. அற்புதமணியின் சிநேகிதன் மரியான், படகு கட்டுகிறவன், புன்னை மரத்தில் அருமையாக ஒரு கால் செதுக்கிக் கொடுத்தான். பாதத்தில் ஷூ மாட்டிக்கொள்ளலாம். "சேசுவே, மாதாவே! என் கையால செஞ்சதுல தண்ணியில எறங்காத மொத சாமான் இதுதான்" என்றான். இனி அந்தக் காலை உடம்போடு பிடித்து நிறுத்தத் தோலில் ஒரு உறை வேண்டும், தொடையைச் சுற்றி ஒரு பட்டை வேண்டும். இரண்டையும் இரட்டைத் தோலாக, அழுத்தமாகத் தைக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்பு தைக்கும் மாடக்கண்ணு வந்து பார்த்தார். தடவிப் பார்த்தார்.

"தோலக் குடுங்கய்யா. நாளைச் சாயங்காலம் தச்சுத் தந்துருதேன்" என்றார்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தனராஜ் யோசித்தார். நாசரேத்து வாத்தியார் வீட்டு மாப்பிள்ளையின் கால், பஸ் ஸ்டாண்டில், பிய்ந்த செருப்புகளுக்கு நடுவில் ஒரு பகல் முழுக்கத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர்கள் ஒவ்வொருவராக விசாரிப்பார்கள்.

"வேண்டாம்" என்றார். "நானே தச்சுக்கிடுதேன்."

"நீங்களா? தோலுலயா?" என்று மாடக்கண்ணு கேட்டார். அவர் குரலில் ஆச்சரியத்தைவிட வேறு ஏதோ அதிகம் இருந்தது.

"கையால இல்ல. மெஷின்ல."

கையால் தைத்தால் அது ஒரு சாதிக்காரர்களின் தொழில். மெஷினில் தைத்தால் அது இண்டஸ்ட்ரி. இந்த வித்தியாசம் தனராஜுக்குத் தெளிவாகத் தெரியும். மாடக்கண்ணுவுக்கு அதைவிடத் தெளிவாகத் தெரியும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

துறைமுகத்துப் பழைய சாமான் வாங்கி விற்கும் தளவாய் அண்ணாச்சியின் கிட்டங்கியில், துருப்பிடித்த நங்கூரத்துக்கும் உடைந்த கழிவறைப் பீங்கானுக்கும் நடுவில் அந்த மெஷின் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து இரும்பு. வீட்டுத் தையல் மெஷினைப் போல மூன்று மடங்கு பெரிசு. பெயர் எழுதியிருந்த இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"என்னத்தத் தச்ச மெஷின் அண்ணாச்சி இது?"

"கப்பல் பாயி தச்சது வாத்தியாரய்யா. தோலு என்ன, தகரத்தக் குடுங்க, தைக்கும்" என்றார் தளவாய். அவர் கிட்டங்கியில் இருக்கிற எல்லாமே ஏதாவது ஒரு கப்பலில் இருந்ததுதான். பீங்கான்கூட ஒரு கேப்டன் உட்கார்ந்தது என்று சொல்லித்தான் விற்பார்.

கைவண்டியில் ஏற்றி, தங்கை வீடு இருந்த டூவிபுரத்துச் சந்துக்குள் திரும்பும்போது வண்டி சாய்ந்தது. மெஷின் தனராஜின் மேல் சரிய இருந்த நேரத்தில், எதிர்ச் சுவரோரம் நின்றிருந்த ஒருவன் பாய்ந்து வந்து தாங்கிப் பிடித்தான். நிமிர்ந்து பார்த்தால் செந்தூர்பாண்டி.

"நீ எங்கல இங்கன?"

"அற்புதத்தப் பாக்கத்தான் அண்ணாச்சி. ஊருக்குப் போயிருந்தேன், உடன்குடி கருப்பட்டி கொஞ்சம் கொண்டாந்தேன்." அவன் கையில் ஓலைக்கொட்டான் இருந்தது. "ஒரு விசயமும் சொல்லணும். ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை..."

"கால எடுத்தவன் கருப்பட்டி கொண்டாந்திருக்கான்! மிச்சக் காலுக்கு அச்சாரமா?" என்று வாசலிலிருந்தே கேட்டாள் ஞானதீபம். கொட்டானை வாங்கித் தெருவில் வீசினாள். கருப்பட்டி உருண்டு சாக்கடையில் விழுந்தது. செந்தூர்பாண்டி மெஷினை மெதுவாக வாசல் திண்ணைமேல் இறக்கி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

மெஷின் வீட்டுக்குள் வந்ததும்தான் அடுத்த சங்கதி தெரிந்தது. அதற்கு அடியில், அடிநூல் சுற்றிய பாபின் போட இடமே இல்லை. மேலே நூல் இருக்கிறது, கீழே நூல் இல்லை. கீழே நூல் இல்லாமல் உலகத்தில் எந்த மெஷின் தைக்கும்?

"பாபின் பெட்டியக் கழட்டிட்டான் தளவாய்" என்று தனராஜ் பல்லைக் கடித்தார். "போவுது. தீபம், உன் மெஷின்ல இருந்து அத எடு பாப்போம்."

"அண்ணே, ஜாக்கெட்டு நெறையத் தைக்கக் கெடக்கு."

"ஒரு மணி நேரந்தாளா. எடு."

அற்புதமணி விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவது ஞானதீபத்தின் கை மெஷினால்தான். தெருப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்கிறாள். அவள் மனசில்லாமல் பாபின் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். தனராஜ் அதை அரத்தால் ராவி, பெரிய மெஷினின் வயிற்றுக்குள் எப்படியோ செருகிவிட்டார். அன்றிலிருந்துதான் ஊசி ஒடிய ஆரம்பித்தது. இப்போது குழம்பில் விழுந்ததாகச் சந்தேகப்பட்டது கடைசி ஊசி.

தளவாயிடம் போய், இருப்பதிலேயே தடித்த ஊசியாக வாங்கி வந்தார். இந்த முறை ஊசி ஒடியவில்லை. அதற்குப் பதிலாகப் பாபின் பெட்டி உடைந்தது.

ஞானதீபம் உடைந்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதாள். அவள் மெஷினும் போயிற்று. தனராஜ் தங்கையைப் பார்க்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் மரியான் வந்தான். பெரிய மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டு மிச்சத் துண்டுகளை எல்லாம் நோண்டி எடுத்தான். பிறகு சும்மா இருக்க முடியாமல் பழைய சாக்குத் துண்டு ஒன்றை வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். கீழே கொக்கி மாதிரி ஒன்று விரல் போல வந்து வந்து போயிற்று. சாக்கு நகர்ந்தது. எடுத்துப் பார்த்தால் தையல்!

"வாத்தியாரே! கீழ நூலே இல்லாம தைக்கி!"

தனராஜ் பிடுங்கிப் பார்த்தார். மேல்பக்கம் ஒழுங்கான தையல். அடிப்பக்கம் சங்கிலி போலப் பின்னிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தார். கிழியவில்லை.

"அடிநூல் இல்லாம..." என்று ஞானதீபம் எழுந்து வந்தாள். கண்ணைத் துடைத்தாள். "அண்ணே, காலையில முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். ஆண்டவர் கேட்டுட்டாரு."

"ஸ்தோத்திரம்" என்றார் தனராஜ். டிராயிங் மாஸ்டராக இருந்தாலும், கண்ணெதிரே நடக்கிற அதிசயத்துக்கு விளக்கம் கேட்கிற அளவுக்கு அவர் அவிசுவாசி அல்ல. எல்லோரும் தலை குனிந்து ஜெபித்தார்கள். மரியான் மட்டும் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டான். தனராஜ் அதைப் பார்க்காதது போல இருந்தார்.

சாக்கில் ஓடிய ஊசி தோலில் ஓடவில்லை. தோல் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது.

"மீன் எண்ணெ தடவுங்க. வள்ளத்துக்கெல்லாம் நாங்க அதத்தான் பூசுதோம். எப்படி வழவழன்னு நிக்கும் தெரியுமா?" என்றான் மரியான்.

சுறா எண்ணெயைத் தாராளமாகப் பூசித் தோலைச் சுவர்மேல் வெயிலில் காயப் போட்டார்கள். வள்ளம் கடலில் நிற்பது, தெருவில் அல்ல என்ற வித்தியாசம் யாருக்கும் தோன்றவில்லை. மதியத்துக்குள் டூவிபுரத்து நாய்கள் மட்டுமல்லாமல், பக்கத்துத் தெரு நாய்களும் சுவரடியில் கூடிவிட்டன. தனராஜ் கம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தோல் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தது.

நாய்களைத் துரத்திக்கொண்டு ஓடிய ஒருவன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கடித்துக் குதறிய தோல்.

"மிச்சம் இதுதான் கெடச்சுது அண்ணாச்சி" என்றான் செந்தூர்பாண்டி. முழங்கையில் நாய்ப் பல் பட்டு ரத்தம் வந்தது. "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை டாக்டர் வாராருல்லா, அது விசயமா ஒரு வார்த்தை..."

"எங்க வீட்டுல எது போனாலும் பக்கத்துல இவந்தான் நிக்கான்!" என்று ஞானதீபம் கத்தினாள். தனராஜ் கம்பை ஓங்கினார். அது நாய்க்காக எடுத்த கம்பு. செந்தூர்பாண்டி ஓரடி பின்வாங்கி, தோல் துண்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனான்.

இனித் தோலுக்கு எங்கே போவது? தனராஜ் வெகுநேரம் யோசித்தார். பிறகு தன் வீட்டுக்குப் போய், பெட்டியின் அடியிலிருந்து ஒரு தோல் பையை எடுத்து வந்தார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் அவருடைய அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பை. நல்ல நாள் பெரிய நாளுக்குத் தவிர அவர் அதைத் தொட்டதில்லை. மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கத்தரியை வைத்தார்.

"மச்சான், வேண்டாம்" என்றான் அற்புதமணி.

"பரிட்சைக்குப் போறப்ப நல்ல சட்ட போட்டுக்கிட்டுப் போவோம்லா, அது மாதிரிதான் மாப்பிள" என்றார் தனராஜ்.

அந்தத் தோல் மிருதுவாக இருந்தது. ஆனால் மெஷினின் சக்கரம் கனம். ஒரு கையால் அதைச் சுற்றிக்கொண்டு மறு கையால் மட்டும் தோலைப் பிடித்தால், தையல் ஆடு மேய்ந்த மாதிரி போயிற்று. தனராஜின் மூளை மறுபடி வேலை செய்தது. வீட்டு மூலையில் அற்புதமணியின் சைக்கிள் சாத்திக் கிடந்தது. கால் போன நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அதைப் பிரித்துப் பின்சக்கரத்தைக் கழற்றி, செயினை மெஷினின் சக்கரத்தோடு மாட்டி, மரியானை ஏற்றி மிதிக்கச் சொன்னார்.

மரியான் துடுப்புப் போட்ட உடம்பு. மிதித்தான் பாருங்கள், மெஷின் கப்பல் போல ஊளையிட்டது. ஊசி கண்ணுக்குத் தெரியவில்லை. "மெல்ல! மெல்லவே!" என்று தனராஜ் கத்தியது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. அடுத்த சத்தம் கேட்டது. மெஷின் அவருடைய கட்டைவிரல் நகத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டது.

விரலில் மஞ்சள் வைத்துக் கட்டும்போது ஞானதீபம் சொன்னாள், "அண்ணே, விட்டுருவோம். நாளைக் கழிச்சு வெள்ளிக்கிழமை. அவரத் தூக்கிக்கிட்டே போவோம். உள்ளதச் சொல்லுவோம்."

"தூக்கிக்கிட்டுப் போனா பெயில்" என்றார் தனராஜ்.

அப்போது அற்புதமணி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒற்றைக் காலால் தத்தித் தத்திச் சைக்கிளுக்கு வந்தான்.

"மரியானுக்கு ரெண்டு காலு. அதான் வேகம் ஜாஸ்தி. எனக்கு ஒண்ணுதான. பெடல்ல வச்சுக் கட்டுங்க மச்சான்."

கட்டினார்கள். அவன் மிதித்தான். ஒரு மிதி, ஒரு தையல். ஒரு மிதி, ஒரு தையல். தோலுக்கு என்ன வேகம் வேண்டுமோ அதே வேகம். தன்னுடைய இடது காலைத் தைப்பதற்குத் தன்னுடைய வலது காலால் மிதித்துக்கொண்டிருந்தான் அற்புதமணி. வேர்வை ஒழுகியது.

"இன்னொரு காலு இருந்திருந்தா இந்த மெஷினே தேவப்பட்டிருக்காதுலா?" என்று சொல்லிச் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. ஞானதீபம் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒத்திகைக்குத் தைத்துப் பார்த்த துண்டு ஒன்றைத் தனராஜ் ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தார். எதிர்ச் சுவரோரம் நின்றிருந்த செந்தூர்பாண்டி அதைக் குனிந்து எடுத்தான். புரட்டிப் பார்த்தான். அடிப்பக்கத்துச் சங்கிலியை நகத்தால் சுரண்டினான். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தச்சுப் பாத்த துண்டக்கூட விட மாட்டேங்கான் பாரு" என்று ஞானதீபம் ஜன்னலைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை கால் தயாராகிவிட்டது. தையலின் கடைசி முனையில் தொங்கிய நூலை தனராஜ் உள்ளே மடக்கி, மெழுகுவர்த்தி சொட்டி ஒட்டினார். பையில் இருந்த பித்தளைப் பூட்டு தோலோடு வந்துவிட்டதால் முழங்காலுக்குப் பக்கத்தில் பளபளவென்று நின்றது. "கால் களவு போவாது" என்றான் மரியான்.

அற்புதமணி நடந்து பழகினான். சுவரைப் பிடித்து, பிறகு பிடிக்காமல். உள்ளே புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. உறையைக் கழற்றும்போது சுற்றியிருந்த துணியில் சிவப்பாக ஊறியிருந்தது. மனைவி பார்ப்பதற்குள் மடக்கி வைத்தான். அவள் பார்த்துவிட்டாள்.

"வலிக்காத மாதிரி நடிக்காதிய" என்றாள்.

"நாளைக்கு ஒரு நாள்தானளா. பாஸாயிட்டா அப்புறம் எம்புட்டு வேணும்னாலும் வலிச்சுக்கிடலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் குதிரைவண்டி பிடித்துக் கம்பெனிக்குப் போனார்கள். வாசல் கேட்டில் ஒரு கை இல்லாத காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருக்கிற கையால் சலாம் வைத்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"பாவம்" என்றார் தனராஜ், சற்றுத் தள்ளிப் போனதும். "நாள் முழுக்க இப்படி உக்காந்து கெடக்க வேண்டியது. நம்ம மாப்பிளைக்கு இந்தக் கதி வரக் கூடாது."

ஆபீஸ் வராந்தாவில் டாக்டரும் லேபர் ஆபீசரும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தூணோரம் செந்தூர்பாண்டி நின்றான். விபத்துக்குச் சாட்சி என்று அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். ஞானதீபம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அற்புதமணிக்கு முன்னால் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்த ஒருவனைக் கூப்பிட்டார்கள். ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கிவிட்டான். "ஃபிட்" என்றார் டாக்டர். அவன் போய்ப் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பாஸானவன் மொகமா இது?" என்று தனராஜ் ஆச்சரியப்பட்டார். மூட்டை தூக்கியதில் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அற்புதமணி!"

அற்புதமணி பெஞ்சிலிருந்து எழுந்தான். கம்பு இல்லை, தோள் பிடிக்க ஆள் இல்லை. நடந்தான். புன்னை மரக்கால் வராந்தாத் தரையில் டக், டக் என்று விழுந்தது. பித்தளைப் பூட்டு வெயிலில் மின்னியது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தனராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாய் கடித்த தோலும், தைத்த கட்டைவிரலும், வெட்டிய பையும், பிரித்த சைக்கிளும், உடைந்த மெஷினும் எல்லாம் இதற்குத்தான். வராந்தாவின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி நின்றான் அற்புதமணி.

"வெரிகுட்" என்றார் லேபர் ஆபீசர். டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் செந்தூர்பாண்டி தூணை விட்டு ஓடி வந்தான். "என்னய மன்னிச்சிருலே அற்புதம்!" என்று கதறிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். விழுந்தது மரக்காலில். அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதான். லேபர் ஆபீசர்கூடப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அழுகைக்கு நடுவில் அவன் நகம் மெழுகுச் சொட்டைச் சுரண்டியதை தனராஜ் மட்டும்தான் பார்த்தார். நூலின் முனையைப் பிடித்து இழுத்தான். கரகரவென்று ஒரு சத்தம். உறையின் பின்பக்கத் தையல் கீழிருந்து மேல் வரைக்கும் ஒரே இழுப்பில் பிரிந்து வந்தது. ஹார்பரில் சங்கிலித் தையல் போட்டு வரும் உப்பு மூட்டையின் வாயைப் பிரிக்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகப் பிரிந்தது. இருந்த ஒரு நூலும் அவன் கையோடு போயிற்று.

கால் ஒரு பக்கம் சாய்ந்தது. அற்புதமணி மறுபக்கம் சாய்ந்தான். தலை தரையில் மோதியது. ரத்தம் ஊறிய துணி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

"ஐயோ!" என்று ஞானதீபம் ஓடினாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். எழுத ஆரம்பித்திருந்ததை அடித்துவிட்டு வேறு எதையோ எழுதினார். "அடுத்தாள்" என்றார்.

அற்புதமணியை மரத்தடிக்குத் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஞானதீபம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பரம்பரையில் இரண்டாவது பெயில்.

செந்தூர்பாண்டி தயங்கித் தயங்கிப் பின்னால் வந்து நின்றான். கையில் இன்னும் அந்த நூல் சுருண்டு கிடந்தது.

வாழ்நாளில் ஒரு பையனைக்கூடப் பிரம்பால் அடித்திராத தனராஜ் வாத்தியார், கீழே கிடந்த மரக்காலை எடுத்தார். அவன் தோளில் ஒன்று வைத்தார். முதுகில் ஒன்று வைத்தார். பித்தளைப் பூட்டு பட்டு உதடு கிழிந்தது. அவன் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை.

"நெசக் காலையும் எடுத்த! மரக்காலையும் எடுத்துட்டியல பாவி! நடந்துட்டானல அவன்! பாஸாயிட்டானல! எதுக்குல பிரிச்ச?"

செந்தூர்பாண்டி உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். கேட்டில் காலியாகக் கிடந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்தான்.

"இதச் சொல்லத்தான அண்ணாச்சி உங்க வாசல்ல வந்து வந்து நின்னேன்: பாஸானவன அதே வின்ச்சுக்குக் கீழ, அதே வடத்துக்குக் கீழதான் மறுபடி எறக்குதாங்க, பெயிலானவனுக்குத்தான் கேட்ல நாற்காலி."